பெத்லகேமுக்கு ஒத்துவராத யானை

ரெமிஜியஸ் கட்டிய முதல் மிருகக்காட்சிசாலை மத்தியானச் சாப்பாடு வரைகூடத் தாங்கவில்லை. சிங்கம் ஆட்டை அடித்துப் போட்டது. ஒட்டகம் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தது. பென்குயின்கள் வெயிலில் வாடி வதங்கின. டிக்கெட் வாங்கி உள்ளே வந்த கம்ப்யூட்டர் ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராக வாசலைப் பார்த்து நடையைக் கட்டினார்கள்.

"எல்லாத்தையும் ஒரே எடத்துலயா டாடி போட்டீங்க?" என்று கேட்டான் மகன் க்ளென். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற அவன்தான், ரிட்டையரான அப்பா வீட்டில் சும்மா உட்கார்ந்து அம்மாவை வம்புக்கு இழுக்க வேண்டாமே என்று, தன் பழைய லேப்டாப்பில் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்திருந்தான்.

"பின்ன எப்படிடா போடறது?"

கேலிக்குக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். மிருகங்களை வைப்பதற்கு ரெமிஜியஸ் அறிந்த இடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று, கிறிஸ்துமஸ் குடில். அங்கே சிங்கமும் ஆடும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். உடைந்த கண்ணாடியில் செய்த குளத்தின் ஓரத்தில் ஒட்டகமும் பென்குயினும் உரசிக்கொண்டு நிற்கும். இத்தனை வருஷத்தில் ஒரு சிங்கமும் யாரையும் கடித்ததில்லை. அந்தப் பழக்கத்திலேயே கைவைத்த மனிதர், கம்ப்யூட்டர் சிங்கத்துக்குப் பசிக்கும் என்று எங்கே கண்டார்.

ரெமிஜியஸ் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாமே ஆஸ்டின் டவுனில்தான். அப்பா கோலார் தங்கவயல் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். ரெமிஜியஸ் ஒரு மெஷின் ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்து, ஸ்டோர் கீப்பராகவே வெளியே வந்தார். நட்டுக்கு ஒரு ரேக், வாஷருக்கு ஒரு ரேக் என்று வாழ்ந்தவர் அல்லவா, வீட்டிலும் சர்க்கரை டப்பா இருக்கிற இடத்தில் உப்பு டப்பா இருந்துவிட்டால் அன்று முழுவதும் முகம் தொங்கிவிடும். மனைவி பியாட்ரிஸ் சில நாள் வேண்டுமென்றே மாற்றி வைப்பார். "வீட்ல இருக்கற மனுஷனுக்கு ஒரு வேலை வேணாமா?" என்பார்.

ஆனால் டிசம்பர் வந்தால் மட்டும் ரெமிஜியஸ் வேறு ஆள். சந்து முனையில் குகை மாதிரி கட்டிய ஒரு மாதா கெபி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒவ்வொரு வருஷமும் சந்து முழுவதற்குமாக ஒரு குடில் போடுவார்கள். போடுவது ரெமிஜியஸ். பாறை பேப்பரை அவர்தான் கசக்குவார், தட்டில் ராகி விதைத்துப் பச்சைப் புல் முளைக்க வைப்பதும் அவர்தான். மாதா, சூசையப்பர், இடையர்கள், மூன்று ராஜாக்கள் சுரூபங்கள் கோயிலிலிருந்து வரும். மிருகங்கள் மட்டும் வீடுகளிலிருந்து வர வேண்டும். வீட்டுக்கு ஒரு உருப்படி என்பது சந்தின் சட்டம். வேதக்காரர் வீடு, மற்றவர் வீடு என்ற பேதமெல்லாம் கிடையாது. ஆட்டோ ஓட்டுகிற ரவிக்குமார் காது பிய்ந்த ரப்பர் புலி ஒன்றைத் தருவார். ஸ்கூல் டீச்சர் சுனிதா ஒரு ஜோடி பென்குயின் தருவார். இட்லி மாவு அரைத்து விற்கிற கோமளம் தருவது யானை.

கோமளத்தின் யானைக்கு ஒரு கதை உண்டு. ஆரணியிலிருந்து அவர் இந்தச் சந்துக்குக் குடிவந்த புதிதில் யாரும் அவரிடம் அதிகம் பேசவில்லை. புருஷன் அல்சூரில் ஒரு கடையில் வேலைக்குப் போய்விடுவார். கோமளமும் கிரைண்டரும் தனியாக இருப்பார்கள். டிசம்பரில் ரெமிஜியஸ் கதவைத் தட்டி, "உங்க வீட்டு உருப்படி என்னம்மா?" என்று கேட்டபோது அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கி, காகிதம் பிரித்து, ஒரு மண் யானையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். மறுநாள் குடிலைப் பார்க்க வந்த பெண்கள் யானை யாருடையது என்று கேட்டு, அதைச் சாக்காக வைத்து மாவு கேட்டு, மாவைச் சாக்காக வைத்துப் பேசி, அப்படியே கோமளம் சந்துக்காரி ஆகிவிட்டார். அன்றிலிருந்து ரெமிஜியஸ் அவருக்கு அண்ணா.

இதெல்லாம் இருந்த இடத்தில்தான் அந்த விளையாட்டு வந்து சேர்ந்தது.

சிங்கம் ஆட்டைத் தின்ற பிறகு ரெமிஜியஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒவ்வொரு மிருகத்தையும் தட்டினால் அதற்கு என்ன மண் வேண்டும், எவ்வளவு புல், எவ்வளவு தண்ணீர், என்ன குளிர், யாரோடு ஒத்துப்போகும் என்று எல்லாம் வருகிறது என்பதைக் கண்டுபிடித்தார். சரியாக இருந்தால் பச்சைக் கோடு, இல்லாவிட்டால் சிவப்பு. இது நம்ம ஸ்டோர் அல்லவா என்று நெஞ்சு குளிர்ந்துபோனது மனிதருக்கு. மற்றவர்கள் மிருகத்தை வாங்கிவிட்டு இடம் தேடுவார்களாம். இவர் முதலில் இடத்தைக் கட்டுவார். கரடுமுரடாகப் பாறை அடுக்குவார், சுற்றி வந்து பார்ப்பார், பிறகு அந்தப் பாறைக்கு எந்த ஆடு என்று பொறுமையாகத் தேடுவார். சேறும் நாணலுமாக ஒரு குட்டை வெட்டிவிட்டு, அதில் யாரை விடலாம் என்று மூன்று வேளைச் சாப்பாட்டிலும் பேசினார்.

"நீர்யானையை விடுங்க. எங்க பெரியண்ணன் மாதிரியே இருக்கு," என்று பியாட்ரிஸ் யோசனை சொன்னார். நீர்யானை விடப்பட்டது. கோடு பச்சையாயிற்று. சிவப்புப் பாண்டா மட்டும் பல நாள் சிவப்பிலேயே நின்றது. குளிர் சரி, மரம் சரி, மூங்கில் சரி. கடைசியில் பார்த்தால் அதற்கு ஜனங்கள் எந்நேரமும் எட்டிப் பார்ப்பது பிடிக்கவில்லை. ரெமிஜியஸ் வேலி ஓரமாக அடர்த்தியாகச் செடி வைத்து மறைத்துக் கொடுத்தார். பச்சைக் கோடு வந்த அன்று வீட்டில் கேசரி கிண்டச் சொன்னார்.

க்ளெனுக்கு ரொம்பச் சந்தோஷம். பியாட்ரிஸுக்கும்தான், உப்பு டப்பா விவகாரம் ஓய்ந்ததே. மத்தியானத்தில் அடுப்பு வேலை முடிந்ததும் அவரும் ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்த வரிக்குதிரைக்கு இன்னும் கொஞ்சம் புல்லு வெச்சா என்ன, கைய சுருக்கறீங்களே," என்று சிபாரிசு செய்வார். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை என்று அவர் ஐரினிடம், அதாவது தன் தங்கையிடம், போனில் சொன்னதை ரெமிஜியஸ் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தார்.

வினை டிசம்பரில் வந்தது.

குடிலுக்குப் பாறை பேப்பர் கசக்கும்போதே ரெமிஜியஸின் கை நின்று நின்று யோசித்தது. இருபது வருஷத்துக்கு மேலாகத் தான் செய்து வந்தது எவ்வளவு பெரிய பிழை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பெத்லகேம் வறண்ட பூமி. அங்கே பென்குயின் எப்படி நிற்கும்? புலிக்கு அங்கே என்ன வேலை? அதுவும் ஆட்டு மந்தைக்குப் பக்கத்தில்? புதிதாக ஞானம் வந்தவர்களிடம் எப்போதுமே கொஞ்சம் எட்டி நிற்பது நல்லது. ரெமிஜியஸுக்கு வந்தது சாதாரண ஞானம் இல்லை, பச்சைக் கோடும் சிவப்புக் கோடும் போட்ட ஞானம்.

ரவிக்குமார் வழக்கம்போல ஆட்டோ சீட்டுக்கு அடியிலிருந்து புலியை எடுத்து நீட்டினார்.

"வேணாம் ரவி. புலிக்குத் தனியா காடு வேணும். ஆடுங்க பக்கத்துல வெக்கறது தப்பு."

"ரப்பர் புலி அண்ணா. எங்க வெச்சாலும் சும்னே நிக்கும், யாரையும் கடிக்காது."

"அது அப்படி இல்லப்பா," என்று ரெமிஜியஸ் விளக்க ஆரம்பித்தார். ரவிக்குமாருக்குச் சவாரி வந்தது. புலியோடு போய்விட்டார்.

சுனிதா டீச்சருக்குப் பென்குயினின் குளிர்த் தேவையைப் பற்றி வாசலிலேயே பாடம் நடந்தது. டீச்சருக்கே பாடம். அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் பென்குயின்களைக் கைப்பையில் திரும்பப் போட்டபோது அந்தச் சிரிப்பு அங்கே இல்லை.

கோமளம் யானையை ஈரத்துணியால் துடைத்து, துண்டில் சுற்றி, குழந்தையை எடுத்து வருவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி வந்தார்.

"கோமளம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வருஷம் யானை வேணாம்," என்றார் ரெமிஜியஸ். "யானைக்கு மரம் நிறைய வேணும், ஆழமா தண்ணி வேணும். அந்த ஊரு அதுக்கு ஒத்துவராது."

கோமளம் துண்டைப் பார்த்தார். "மண்ணு யானைதானேண்ணா."

"மண்ணுன்னாலும் யானை யானைதானேம்மா. இன்னும் எத்தனை நாளைக்குத் தப்பாவே செய்யறது, சொல்லுங்க. நானே மலையாடு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், அதை உங்க பேர்ல வெச்சிடறேன்."

"பரவால்லைங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோமளம் திரும்பிப் போனார். எங்கள் வீட்டுக் கொலுவில் கிரிக்கெட் டீமே நிற்கிறது, பெருமாள் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிப் பதில் பேசுகிறவர் இல்லை அவர்.

சந்தில் யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் ரெமிஜியஸுக்கு நன்றாக இருந்திருக்கும், வரைபடம் போட்டு விளக்கியிருப்பார். அவர்கள் செய்தது அதைவிட மோசம். மரியாதை கொடுத்தார்கள். ரவிக்குமார் வண்டியை நிறுத்திக் கதை பேசுவதை விட்டுவிட்டு, "குட் மார்னிங் சார்" என்று சொல்லி ஓட்டிப் போனார். கோமளம் மாவு கொண்டு வந்தால் நேரே சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, பியாட்ரிஸோடு ஒரு டீ குடித்துத்தான் கிளம்புவார். இப்போது மாவு கேட்டில் தொங்கியது. எதிரே பார்த்தபோது, "மாவு வெச்சிருக்கேன் சார்," என்றார். அந்த சார் ரெமிஜியஸுக்குச் சுருக்கென்று தைத்தது. ஃபேக்டரியில் ஒருத்தரும் அவரை சார் என்று கூப்பிட்டதில்லை. அப்போதெல்லாம் அதற்கு ஏங்கியவர்தான்.

இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. சரியானதைச் செய்தால் நாலு நாள் முறைப்பார்கள், குடிலைக் கண்ணால் பார்த்தால் தெரிந்துகொள்வார்கள் என்று நினைத்தார். கோடானுகோடி மிருகங்களில் தேடித் தேடி அந்தப் பூமிக்கு ஏற்றதை மட்டும் வைத்தார். ஒரு மாடு, ஒரு கழுதை, செம்மறியாடுகள், பாறை மேல் ஒரு மலையாடு, ராஜாக்களோடு வருவதால் ஒட்டகம். பஞ்சுப் பனியைக்கூட எடுத்துவிட்டார். தீவனத் தொட்டி காலியாக இருந்தது. குழந்தை இயேசுவை ராத்திரிப் பூசை முடிந்த பிறகுதான் வைப்பது வழக்கம்.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் விளக்குப் போட்டார். குடில் அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். "நீட்டா இருக்கு சார்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

மற்ற வருஷங்களில் இந்த நேரத்துக்கு அங்கே கால் வைக்க இடம் இருக்காது. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு உருப்படி எங்கே நிற்கிறது என்று பார்க்க வருவார்கள். ரவிக்குமார் ஆட்டோவை நடுச்சந்தில் நிறுத்திவிட்டு வந்து, பிய்ந்த காது சுவர்ப்பக்கம் போகும்படி புலியைத் திருப்பி வைப்பார். பல்பின் சூட்டில் பிளாஸ்டிக் உருகிவிடும் என்று சுனிதா டீச்சர் பென்குயின்களைத் தள்ளி வைப்பார். யானையை முந்தானையால் ஒரு தரம் துடைத்துவிட்டு, தலையிலிருந்த கனகாம்பரத்தைக் கிள்ளி மாதா காலடியில் வைத்துக் கும்பிட்டுப் போவார் கோமளம். எங்கள் ஒட்டகத்தை ஏன் பின்னால் தள்ளினாய் என்று யாராவது சண்டை பிடிப்பார்கள். ரெமிஜியஸ் எல்லாரையும் அதட்டிக்கொண்டே நிற்பார். அதட்ட ஆளில்லாமல் அன்று அவர் தன் குடில் முன்னால் தனியாக நின்றார்.

பூசைக்குக் கட்ட எடுத்து வைத்த பட்டுப்புடவையை அயர்ன் செய்துவிட்டு, பியாட்ரிஸ் வந்து பக்கத்தில் நின்றார்.

"எல்லாம் பச்சைதானே?" என்றார்.

"எல்லாம் பச்சைதான்."

"மாடு சரி, கழுதை சரி, ஆடு சரி." ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்த பியாட்ரிஸ் காலித் தொட்டிக்கு வந்ததும் நிறுத்தினார். "இன்னிக்கு ராத்திரி இதுல ஒரு கொழந்தையப் போடப் போறீங்க. அதுக்கு இந்த எடம் ஒத்துவருமா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. அந்த விளையாட்டை அவரோடு உட்கார்ந்து இத்தனை மாதம் பார்த்த பழக்கத்தில், வரிக்குதிரைக்குக் கேட்ட மாதிரியே கேட்டார்.

ரெமிஜியஸும் அந்தப் பழக்கத்திலேயே கணக்குப் பார்த்தார். பிறந்த குழந்தை. குளிர், ஒத்துவராது. கூரை இருக்கிறது, ஒரு பக்கம் திறந்து கிடக்கிறது. படுக்கை வைக்கோல், குத்தும். மாட்டு மூச்சு, சாணி, தூசி. கூட இருப்பவர்கள் ஊர் தெரியாதவர்கள், யாரோ ஆட்டுக்காரர்கள், பாஷை தெரியாத மூன்று ராஜாக்கள். மேலேயிருந்து கீழே வரை சிவப்பு. ஒரு கோடுகூடப் பச்சை இல்லை. இருபது வருஷமாகத் தன் கையாலேயே அந்தக் குழந்தையை எடுத்து அங்கே வைத்திருக்கிறார், ஒரு தடவைகூட இதை யோசித்ததில்லை. சந்தில் தெரிந்தவர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. யாருக்குமே ஒத்துவராத ஓர் இடத்தைப் போட்டுவிட்டு, ஒத்துவராது என்று சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேனே என்று வாய்விட்டே சொன்னார்.

"போங்க. கோமளம் வீட்டுக் கதவு சாத்தறதுக்குள்ள போங்க," என்றார் பியாட்ரிஸ்.

கோமளம் வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பண்டிகை நாள், நிறையப் பேர் மாவு கேட்டிருந்தார்கள். ரெமிஜியஸைக் கண்டதும் அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க சார். மாவு அப்பவே வெச்சிட்டேனே."

"மாவுக்கு வரல. யானை எங்கம்மா?"

"பரண்ல ஏத்தியாச்சு. பெட்டி கட்டி மூடியாச்சு. இனி தசராவுக்குத்தான் எறக்கணும்."

"எறக்கித் தாங்க. நானே ஏறி எடுக்கறேன்."

கோமளம் கிரைண்டரை நிறுத்தினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இத்தனை நாள் உள்ளே வைத்திருந்த வருத்தம் மட்டும் இருந்தது. "அந்த எடம் அதுக்கு ஒத்துவராதுன்னீங்க. மரம் இல்ல, தண்ணி இல்லன்னீங்க. நானும் யோசிச்சுப் பார்த்தேன், நீங்க சொன்னது சரிதான்னுதான் தோணுச்சு. இப்ப என்ன, மரம் கிரம் வெச்சிருக்கீங்களா?"

வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடலாம். அவர் வந்து பார்ப்பதற்குள் இரண்டு வேப்பங்கிளையை ஒடித்து நட்டுவிடலாம். அந்த நினைப்பு ரெமிஜியஸுக்கு வந்து போனது.

"இல்லம்மா," என்றார். "அதே காஞ்ச பூமிதான். ஒண்ணும் மாறல. யானைக்கும் ஒத்துவராது, புலிக்கும் ஒத்துவராது, பொறக்கப் போற பிள்ளைக்கே அது ஒத்துவராத எடம்தான். அந்த மாதிரி எடத்துல பக்கத்துல நாலு பேர் நின்னாத்தான் இருக்க முடியும். எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. வந்து நில்லுங்க."

கோமளம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரோரம் இருந்த ஸ்டூலைப் பரணுக்குக் கீழே இழுத்துப் போட்டார்.

"நீங்க ஏற வேணாம், முட்டி வலின்னு அக்கா சொல்லிக்கிட்டிருந்தாங்க. நான் ஏறிக்கறேன்," என்றார். "ஸ்டூலு ஆடும். ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சுக்குங்கண்ணா."

ரெமிஜியஸ் பிடித்துக்கொண்டார்.